மரண வாக்குமூலம் கேட்கும் விசை

கணினி பழுதாவதில் இருவகை உண்டு. ஒன்று, இயங்கிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விழுந்துவிடுவது. விண்டோஸ் கணினியின் நீலத்திரை இதற்கு எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு. மற்றொன்று, விழாமலும் இயங்காமலும் உறைந்து நிற்பது. திரையில் கடிகாரம் நின்றுவிடும், சுட்டி அசையாது, எந்த நிரலும் மறுமொழி தராது. 'ஹேங் ஆகிவிட்டது' என்று நாம் அன்றாடம் சொல்வது இதைத்தான். பார்வைக்கு முதல்வகை கொடியதாகத் தோன்றலாம். பழுதின் காரணத்தைத் தேடுவோர் அஞ்சுவதோ இரண்டாம் வகையை. விழும் கணினி, விழும் தருணத்தில் தன் நினைவகத்தில் இருந்தவற்றை வன்தட்டில் எழுதிவைத்துவிட்டுப் போக வாய்ப்புண்டு. உறைந்து நிற்கும் கணினி எதையும் எழுதுவதில்லை. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் அது எழுந்துவிடும். ஆனால், ஏன் உறைந்தது என்பதற்கான சான்றுகள் அனைத்தும் அப்போதே அழிந்துபோகும். அடுத்த வாரம் அதே கணினி அதே இடத்தில் மீண்டும் உறையும்.

இந்த இக்கட்டுக்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வு விந்தையானது. உறைந்து நிற்கும் கணினியை வேண்டுமென்றே விழச்செய்வது, விழும்போது அதன் நினைவகம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொள்வது. இதற்கென்றே விசைப்பலகையில் சில விசைச் சேர்க்கைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. இவ்வாறு எழுதி வாங்கப்படும் கோப்பைத் தொழில்வழக்கில் 'கிராஷ் டம்ப்' என்பர்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 32ஆம் பிரிவில் மரண வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றுக்கொண்டது. அந்த வாக்குமூலம் நீதிமன்றத்துக்கு வரும்போது இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். சொன்னவர் சொல்லும் நிலையில் இருந்தாரா? எழுதிக்கொண்டவர் நம்பத்தக்கவரா? கிராஷ் டம்ப்பின் எழுபதாண்டு வரலாறும் இவ்விரு கேள்விகளைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. முழு அமைப்பும் நம்பத்தகாததாக ஆகிவிட்ட நொடியில், அதற்குள் இன்னும் நம்பத்தக்கதாக எஞ்சியிருப்பது எது? ஒவ்வொரு தலைமுறையும் இதற்கு வெவ்வேறு விடை சொன்னது.

தொடக்கத்தில் விடை எளிதாக இருந்தது. 1953இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வேர்ல்விண்ட் கணினியில் ஜே ஃபாரஸ்டரின் குழுவினர் புதுவகை நினைவகம் ஒன்றைப் பொருத்தினர். மிளகைவிடச் சிறிய ஃபெரைட் வளையங்களைக் கம்பிகளில் கோத்து வலைபோலப் பின்னியது அது. ஒரு வளையத்துக்கு ஒரு பிட். வளையம் எத்திசையில் காந்தமேற்றப்பட்டிருக்கிறது என்பதே சுழியா ஒன்றா என்பதைத் தீர்மானிக்கும். இந்த வளையத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் 'கோர்'. அதிலிருந்து கொட்டியெடுத்தது 'கோர் டம்ப்'. காந்தமாதலால் மின்சாரம் நின்றாலும் வளையம் தன் நிலையை மறப்பதில்லை. அக்காலத்துக் கணினி செயலற்று நின்றாலும் அதன் நினைவு அப்படியே கிடந்தது. அவசரமின்றி எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். வளையங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய் அரைநூற்றாண்டு ஆகியும் 'கோர்' என்ற சொல் மட்டும் தொழிலில் தங்கிவிட்டது.

இந்தியாவின் தொடக்ககாலக் கணினி அனுபவமும் இந்த வளையங்களோடு பிணைந்ததே. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே வடிவமைத்து 1960இல் இயக்கிய டிஃப்ராக் கணினி, நாற்பது பிட் நீளமுள்ள 2048 சொற்களை ஃபெரைட் வளையங்களில் வைத்திருந்தது. 1963இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்து சேர்ந்தது. நம் வரலாற்றுக்கு இந்த 1620 தனிச்சிறப்புடையது. அதன் கட்டளைத் தொகுப்பில் 35ஆம் எண், நினைவகத்தைக் கொட்டுவதற்கென்றே அமைந்தது. நிரல் நின்றுபோனால், இயக்குபவர் செருகும் பொத்தானை அழுத்தி, கணினியோடு இணைந்த தட்டச்சுப்பொறியில் அந்தக் கட்டளையைத் தம் கையால் அடிப்பார்; அதே தட்டச்சுப்பொறி நினைவகத்தின் இலக்கங்களை வரிசையாக அடித்துக் காட்டும். விசைப்பலகையிலிருந்து டம்ப் கேட்கும் வழக்கத்தின் தொடக்கநிலை வடிவங்களுள் ஒன்று இது.

ஆனால், அதில் ஒரு சிக்கல் இருந்தது. கையால் அடிக்கப்படும் கட்டளை நினைவகத்தின் தொடக்க முகவரிகளில்தான் போய் அமரும். ஆகவே, அங்கு முன்பிருந்த இலக்கங்கள் அழியும். துப்பறிய வந்தவரின் கால்தடம் களத்தில் பதிந்து, அங்கிருந்த தடத்தை அழித்துவிடுவதுபோல. சாட்சியைக் கேட்கும் செயலே சாட்சியைச் சற்று சிதைக்கிறது என்ற இந்த உண்மை, பிற்காலத்தில் வந்த ஒவ்வொரு முறையையும் தொடர்ந்து வந்தது.

யுனிக்ஸ் இயங்குதளம் இந்த வழக்கத்தை இரண்டாகப் பிரித்தது. 1971ஆம் ஆண்டின் முதல் கையேட்டிலேயே 'கோர்' என்ற பெயருடைய கோப்பு விளக்கப்பட்டிருக்கிறது. ஒரு நிரல் பிழையால் நின்றால் அதன் நினைவகப் படிமம் அக்கோப்பில் எழுதப்படும். பயனர் தாமே விசைப்பலகையிலிருந்து அந்த நிறுத்தத்தை வருவிக்கவும் வழி வைத்தனர். இன்றைய லினக்ஸிலும் கண்ட்ரோல் விசையோடு பின்சாய்கோட்டை அழுத்தினால், ஓடும் நிரல் நின்று, அனுமதியிருப்பின் தன் படிமத்தை எழுதிவைக்கும். இங்கே நிரல் சாகிறது, இயங்குதளம் உயிரோடிருந்து எழுதிக்கொள்கிறது. எழுதுபவர்மீது ஐயமில்லை.

இயங்குதளமே சாகும்போது எழுதுபவர் யார்? அன்றைய யுனிக்ஸின் விடை, மனிதக் கை. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் கையேட்டில், பிடிபி-11 கணினி விழுந்தால் செய்யவேண்டியவை எழுதப்பட்டுள்ளன. காந்தநாடாவைப் பொருத்து; கணினியின் முகப்பிலுள்ள சாவிகளால் 44 என்ற முகவரியை அமை; தொடங்கு. அந்த முகவரியில் காத்திருக்கும் சிறு நிரல், நினைவகம் முழுவதையும் நாடாவில் எழுதும். அந்த எண் எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதப்பட்டது. பிட்டுக்கொரு சாவியை மேலும் கீழும் தள்ளிக் கணினியோடு பேசிய காலம் அது. இயங்குதளத்திடம் அனுமதி கேட்காமல், வன்பொருளிடம் நேரடியாகச் சொல்ல ஒரு வாயில் இருந்தது.

1970களில் அந்த வாயிலும், மறக்காத நினைவகமும் மெல்ல மறைந்தன. வளையங்களின் இடத்தைக் குறைக்கடத்திச் சில்லுகள் பிடித்தன. அவற்றின் உள்ளடக்கத்தை நொடிக்குப் பலமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். மின்சாரம் நின்றால் நினைவும் நிற்கும். சாவிகள் நிறைந்த முகப்புப் பலகை, செலவைக் கருதி நீக்கப்பட்டது. எஞ்சிய ஒரே வாயில் விசைப்பலகை. ஆனால் விசைப்பலகையில் அடிப்பதைப் படித்துப் பொருள்கொள்வது இயங்குதளம். எது பழுதாகிவிட்டதோ அதனிடமே விண்ணப்பம் கொடுக்கும் நிலை.

1981இல் ஐபிஎம்மின் தனியாள் கணினி வந்தபோது, அதன் வடிவமைப்பாளருள் ஒருவரான டேவிட் பிராட்லி, கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் என்ற சேர்க்கையை அமைத்தார். கணினியை உருவாக்குவோர் விரைவாக மறுதொடக்கம் செய்துகொள்ளவே அவர் அதை எழுதினார். உலகமே அதைக் கற்றுக்கொண்டது. நம் நோக்கில் அது எதிர்த்திசையில் வைத்த அடி. மறுதொடக்கத்தில் இயங்குதளம் மீண்டும் ஏற்றப்பட்டு, பழைய நினைவகத்தின்மேல் ஏறி அமர்ந்துகொள்கிறது. காரணம் தெரியாமலேயே பழுதைக் கடந்துபோகும் பழக்கத்தைக் கோடிக்கணக்கானோரிடம் வளர்த்த விசை அது. 'ஒருமுறை அணைத்துவிட்டுப் போடுங்கள்' என்னும் அறிவுரையின் தாய்வீடு அதுதான்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1984இல் வந்த பிசி ஏடி கணினியின் விசைப்பலகையில் புதிய விசை ஒன்று தோன்றியது. 'சிஸ்டம் ரிக்வெஸ்ட்' என்பதன் சுருக்கமாக 'சிஸ்ரெக்' என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது. ஐபிஎம்மின் பெருங்கணினிகளோடு இணைந்த 3270 முனையங்களில், ஓடும் பயன்பாட்டைத் தாண்டி மேலமைப்போடு பேசுவதற்கு இருந்த விசையின் வாரிசு இது. பல நிரல்களை ஒருங்கே ஓட்டும் இயங்குதளங்கள் வந்தால் பயன்படும் என்று எண்ணி வைத்தனர். டாஸ் இயங்குதளமோ அதைப் பொருட்படுத்தவேயில்லை. பிறகு வந்த 101 விசைப் பலகையில் அது தனியிடத்தையும் இழந்து, திரையை அச்சிடும் விசையோடு ஒட்டுக்குடியாக வைக்கப்பட்டது. விசைப்பலகையில் பல்லாயிரம் பேர் அன்றாடம் கண்டும் ஒருமுறைகூட அழுத்தாத விசை எதுவென்றால் இதுவாகவே இருந்திருக்கும்.

சன் நிறுவனத்தின் பணிநிலையக் கணினிகள் அக்காலத்தில் வேறு பாதையில் சென்றன. அவற்றின் விசைப்பலகையின் இடப்புறத்தில் எல்1 என்றும், பின்னர் 'ஸ்டாப்' என்றும் பெயர்பெற்ற விசை இருந்தது. அதனோடு 'ஏ'யை அழுத்தினால் இயங்குதளம் அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டு, சில்லில் எரித்துவைக்கப்பட்ட நிலைபொருள் கட்டுப்பாட்டை ஏற்கும். 1989இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1 முதல் இந்த நிலைபொருள் 'ஓப்பன்பூட்' என்று வழங்கியது. அது காட்டும் 'ஓகே' என்ற குறியின் முன் 'சின்க்' என்று அடித்தால் இயங்குதளம் விழுந்து, டம்ப் எழுதப்படும்; 'கோ' என்று அடித்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். நம்பிக்கை இங்கே இயங்குதளத்துக்கும் கீழே ஒரு படி இறங்கியிருக்கிறது. ஆனால் இவ்வளவு எளிதில் திறக்கும் கதவு தவறியும் திறக்கும். தொடர்முனைய வடத்தைப் பிடுங்கியதாலேயே சன் வழங்கிக் கணினி நின்றுபோவது நிர்வாகிகள் நன்கறிந்த தொல்லை.

அனாதையாகக் கிடந்த சிஸ்ரெக் விசைக்கு 1997இல் பிராகா நகரில் மறுவாழ்வு கிடைத்தது. சார்லஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் மாரெஷ், பாவெல் மாகெக்கின் கருத்துகளை அடியொற்றி, லினக்ஸ் கெர்னலுக்குள் சிறு நிரல் ஒன்றை எழுதினார். ஆல்ட், சிஸ்ரெக் இரண்டோடு ஓர் எழுத்தை அழுத்தினால் கெர்னல் நேரடியாகச் செவிசாய்க்கும். 'எஸ்' என்றால் வன்தட்டில் எழுதவேண்டியவற்றை எழுது. 'யூ' என்றால் கோப்பமைப்புகளைப் படிப்பதற்கு மட்டும் என மாற்று. 'பி' என்றால் மறுதொடக்கம் செய். 'மாய சிஸ்ரெக்' என்று அதற்குப் பெயர் வந்தது. விசை அழுத்தத்தை உணர்த்தும் வன்பொருள் குறுக்கீடு வந்தவுடனேயே கெர்னல் அதைக் கவனித்துவிடுவதால், பிற நிரல்கள் உறைந்திருந்தாலும் அது பெரும்பாலும் வேலை செய்யும். கணினியை விழச்செய்யும் 'சி' என்ற எழுத்தும் பின்னர் சேர்ந்தது. சில காலம் அதன் வேலை வெற்று முகவரி ஒன்றில் எழுத முயல்வது மட்டுமே. நிரலாளர்கள் தவறிச் செய்யும் மிகப் பழைய பிழையை, கெர்னல் தெரிந்தே செய்துகாட்டித் தன்னை வீழ்த்திக்கொண்டது.

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000இல் இத்தகைய வாயிலைத் திறந்தது. முதலில் ரெஜிஸ்ட்ரியில் 'கிராஷ்ஆன்கண்ட்ரோல்ஸ்க்ரோல்' என்ற மதிப்பை 1 என்று வைத்து மறுதொடக்கம் செய்யவேண்டும். அதன்பின், வலப்பக்கக் கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டினால் நீலத்திரை தோன்றும். அதில் வரும் இ2 என்ற பிழை எண்ணுக்கு, 'கையால் தொடங்கப்பட்ட வீழ்ச்சி' என்று பொருள். விபத்தாக நேர்ந்த சாவையும் வருவிக்கப்பட்ட சாவையும் ஆய்வாளர் குழப்பிக்கொள்ளாதிருக்க, தனிக் குறியீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இங்கே வன்பொருளின் வரலாறு குறுக்கிட்டது. பழைய பிஎஸ்2 விசைப்பலகை தனக்கெனக் குறுக்கீட்டுத் தடம் உடையது. விசையைத் தொட்டவுடன் செயலி தன் வேலையை விட்டுத் திரும்பிப் பார்க்கும். யுஎஸ்பி விசைப்பலகைக்கு அந்த உரிமை இல்லை. அதன் செய்தி யுஎஸ்பி கட்டுப்பாட்டகம், பல அடுக்கு இயக்கிகள் ஆகியவற்றைக் கடந்து வரவேண்டும். அவற்றுள் ஒன்று உறைந்திருந்தாலும் விண்ணப்பம் போய்ச் சேராது. ஆகவேதான் உறைந்த கணினியை ஆராய்வோர் பழைய பிஎஸ்2 பலகையை நெடுங்காலம் கைவிடாதிருந்தனர். செயலி குறுக்கீடுகளையே மூடிக்கொண்டு நின்றால் அதுவும் உதவாது. அப்போது எஞ்சியிருப்பது, மறுக்கவியலாக் குறுக்கீடு எனப்படும் என்எம்ஐ. பெரிய வழங்கிக் கணினிகள் சிலவற்றில் அதற்கென்றே சிறு பொத்தான் உண்டு.

கேட்கும் வாயில் கிடைத்துவிட்டது. எழுதிக்கொள்பவர் யார் என்னும் கேள்வி அப்படியே நின்றது. வீழ்ந்த கெர்னல் தன் வன்தட்டு இயக்கியைக் கொண்டே எழுதுமானால், அந்த இயக்கியே பழுதின் காரணமாக இருக்கலாம். பிழையான இடத்தில் எழுதிப் பயனரின் கோப்புகளையும் கெடுத்துவிடலாம். விண்டோஸ் இதை முன்னேற்பாட்டால் எதிர்கொண்டது. கணினி தொடங்கும்போதே வன்தட்டு இயக்கியின் மற்றொரு படியை ஏற்றித் தனியே வைத்துவிடும். வீழ்ச்சியின்போது கோப்பமைப்பை நம்பாமல், முன்னரே குறித்துவைத்த இடத்தில், பக்கக் கோப்புக்குள் எழுதும். மறுதொடக்கத்தின்போது அதைத் தனிக் கோப்பாக எடுத்துவைக்கும்.

லினக்ஸ் உலகில் இது நீண்ட விவாதமாயிற்று. எஸ்ஜிஐ நிறுவனத்தார் 1999 வாக்கில் தொடங்கிய எல்கேசிடி, வீழ்ந்த கெர்னலையே எழுதவைத்தது. முதன்மைக் கெர்னலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ரெட் ஹேட்டின் நெட்டம்ப், வலையமைப்பு வழியே வேறு கணினிக்கு அனுப்பிப் பார்த்தது. இரண்டிலும் எழுதுபவர் சாகும் கெர்னல்தான். முடிச்சை அவிழ்த்தவர்களுள் முக்கியமானவர்கள் பெங்களூரில், ஐபிஎம்மின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் இருந்தனர். விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர், ஓடும் கெர்னலிலிருந்து வேறொரு கெர்னலுக்கு நேரே தாவும் எரிக் பீடர்மனின் கெக்செக் முறையை அடித்தளமாகக் கொண்டு கேடம்ப் என்ற முறையை வகுத்தனர். மூவரும் இணைந்து எழுதிய கட்டுரை 2005ஆம் ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், லினக்ஸ் 2.6.13 பதிப்பில் கெக்செக்கும் கேடம்ப்பும் இடம்பெற்றன.

அதன் செயல்முறை இது. கணினி தொடங்கும்போதே நினைவகத்தின் ஒரு பகுதி தனியே ஒதுக்கப்பட்டு, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று உறங்கவைக்கப்படும். முதல் கெர்னல் அப்பகுதியைத் தொடாது. அதன் வன்பொருள்களுக்கும் அந்த முகவரிகள் தரப்படா. ஆகவே, முதல் கெர்னல் விழுந்தபின்னும் தறிகெட்டு நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும் ஏதேனும் ஒரு கருவியால் இரண்டாவதுக்குக் கேடில்லை. 'சி' விசை அழுத்தப்பட்டதும் கட்டுப்பாடு இரண்டாவது கெர்னலுக்குத் தாவும். அது தூய நிலையில் எழுந்து, இறந்த கெர்னலின் நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பைப்போலப் படித்து எழுதிவைக்கும். இண்டெல் வகைக் கணினிகளில் இரண்டாவது கெர்னல் எழுவதற்கு நினைவகத்தின் முதல் 640 கிலோபைட் தேவைப்பட்டது. அங்குள்ள சான்று அழியாதிருக்க, அப்பகுதியை முன்கூட்டியே படியெடுத்து ஒதுக்கிடத்தில் பத்திரப்படுத்தினர். கான்பூரின் 1620இல் முதல் சில இலக்கங்களை அழித்த அதே கால்தடச் சிக்கல், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இங்கே கவனமாகத் தீர்க்கப்பட்டது. வாக்குமூலத்தை எழுத, வழக்கோடு தொடர்பில்லாத நடுவர் ஒருவர் அமர்த்தப்பட்டார் என்று இதைச் சொல்லலாம்.

வாக்குமூலம் முழுமையாகக் கிடைக்கத் தொடங்கியதும், அதன் முழுமையே இடராயிற்று. நினைவகத்தில் இருப்பதெல்லாம் டம்ப்பிலும் இருக்கும். கடவுச்சொற்கள், மறையீட்டுத் திறவுகோல்கள், பாதி எழுதிய கடிதங்கள், நோயாளியின் குறிப்புகள் எதுவும் விலக்கல்ல. 2023இல் மைக்ரோசாஃப்டின் திறவுகோல் ஒன்றைக் கைப்பற்றிய ஊடுருவாளர்கள், அமெரிக்க அரசு அலுவலகங்கள் உட்பட ஏறத்தாழ 25 அமைப்புகளின் மின்னஞ்சல்களுக்குள் புகுந்தனர். 2021இல் எழுதப்பட்ட ஒரு கிராஷ் டம்ப்பில் அத்திறவுகோல் தவறிச் சேர்ந்திருந்தது என்று அந்நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் விளக்கியது; அத்தகைய டம்ப் எதுவும் தன் கைக்குக் கிட்டவில்லை என்று 2024 மார்ச்சில் அவ்விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. திறவுகோல் உண்மையில் எவ்வழியில் போயிருந்தாலும், ஒரு டம்ப் கோப்பு அவ்வளவு பெரிய கசிவுக்குக் காரணமாகக்கூடும் என்பதை உலகம் உடனே நம்பியது. இன்று பல லினக்ஸ் வெளியீடுகள் சிஸ்ரெக் கட்டளைகளுள் பலவற்றை மூடியே தருகின்றன; டம்ப்பை எழுதும்போதே பயனர் நிரல்களின் பக்கங்களை வடிகட்டும் வசதியும் இருக்கிறது.

இப்போது விசையே மறைந்துவருகிறது. மேகக்கணிமையில் ஓடும் கணினிக்கு விசைப்பலகை ஏது? அமேசான் 2019இல், தன் மெய்நிகர் கணினிகளுக்கு என்எம்ஐ குறுக்கீட்டை இணையம் வழியே அனுப்பும் வசதியைத் தந்தது. சேவையகப் பொத்தான் ஒரு கட்டளை வரியாக மாறியது. நம்பிக்கை இன்னும் ஒரு படி இறங்கி, மெய்நிகர் கணினியைத் தாங்கும் அடித்தளத்திடம், அதாவது அதன் உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்தது. கைப்பேசியிலோ அந்த வாயிலும் பயனருக்கு இல்லை. கைப்பேசி உறைந்தால் மறுதொடக்கம் செய்ய விசைச் சேர்க்கை உண்டு. ஏன் உறைந்தது என்று கேட்க விசையில்லை. பழுதறிக்கை எழுதப்பட்டால், அது பெரும்பாலும் உரியவரைக் கடந்து உற்பத்தியாளரிடம் செல்கிறது.

எழுபதாண்டுகளில் வாக்குமூலத்தை எழுதுபவர் மேலும் மேலும் நம்பத்தக்கவரானார். கேட்கும் உரிமையோ, கணினியின் முன் அமர்ந்திருப்பவரின் கையிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது. வங்கியும் மருத்துவமனையும் ரயில் முன்பதிவும் கணினியின்மேல் நிற்கும் நாட்டில் இது பொறியாளர்களின் கவலையோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு பொதுச்சேவை நின்றுபோகும்போது 'கணினிக் கோளாறு' என்ற ஒற்றைச் சொல்லோடு நாம் திருப்பியனுப்பப்படுகிறோம். அந்தக் கோளாறுக்குப் பெயரும் முகவரியும் உண்டு; கேட்டு எழுதிவைத்திருந்தால் கண்டுபிடிக்கவும் முடியும். மறுதொடக்கத்துக்கு முன் அந்த வாக்குமூலம் வாங்கப்பட்டதா என்று கேட்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.